கடைசி செமஸ்டரில் கிளாஸ் மலர் போடுவது எப்படி?

என் சித்தி மகன் இந்த வருடம் இறுதியாண்டு. போன வாரம் போன் செய்து, "அக்கா, நீங்க போட்ட மாதிரி நாங்களும் கிளாஸ்ல எல்லாரைப் பத்தியும் ஒரு நினைவு புக் போடணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்றான். ஒன்றரை மணி நேரம் பேசினேன். பாதியைக் குறித்துக்கொண்டிருப்பான், மீதியை மறந்திருப்பான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் சிவில் இன்ஜினியரிங், 2018–22 பேட்ச். டெல்டாப் பக்கம் ஒரு கல்லூரி. பெண்கள் பக்கம் நான்தான் கிளாஸ் ரெப். சேரும்போது நாங்கள் 54 பேர். முதல் ஆண்டோடு இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ முடித்த ஆறு பேர் நேரடியாக வந்து சேர்ந்தார்கள். ஆக 58. ஏ5 அளவில் 48 பக்கம், 66 பிரதி போட்டோம். ஆளுக்கு 250 ரூபாய் வசூலித்தோம்.

எப்போது ஆரம்பிப்பது? ஏழாவது செமஸ்டரிலேயே. நாங்கள் எட்டாவதில், ஜனவரியில் ஆரம்பித்தோம். அதற்குள் பாதிப் பேர் வேலை கிடைத்த இடத்தில் டிரெயினிங், மீதிப் பேர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு மட்டும் தலைகாட்டுவார்கள். ஒரு கையெழுத்துக்காக ஒருத்தனைப் பிடிக்க பாக்கி எதுவும் இல்லை என்று நோ டியூஸ் படிவம் வாங்கும் வாரம் வரை காத்திருந்தேன். அந்த வாரத்தில் யாரிடமும் நிதானமாக ஒரு வார்த்தை பேச முடியாது. லைப்ரரியில் அபராதம் கட்டுவதிலேயே பொழுது போய்விடும்.

இப்போது நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். கூகுள் ஃபார்ம் ஒன்று போட்டேன். பெயர், ஊர், அதற்குக் கீழே ஒரு பெரிய பெட்டி: "கல்லூரி வாழ்க்கையில் மறக்க முடியாத நினைவு." 41 பேர் நிரப்பி அனுப்பினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் எழுதியது, "எல்லாமே மறக்க முடியாதவைதான், மிஸ் யூ ஆல்." நட்பைப் பற்றிய ஒரே கவிதை மூன்று பேரிடமிருந்து எழுத்து மாறாமல் வந்தது. எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு ஸ்லாம் புக் பழக்கம். பிடித்த நிறம், பிடித்த நடிகர், மிஸ் யூ. படித்துப் பார்த்தால் இது எந்தக் கல்லூரி, எந்த கிளாஸ் என்றே தெரியாது.

அன்று இரவு நானும் ரூம்மேட்டும் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து கேள்விகளை மாற்றினோம்.

எந்த பெஞ்ச், பக்கத்தில் யார்? எந்த ஊரிலிருந்து எத்தனை மணி பஸ்? உன் ரெக்கார்டை யார் எழுதினார்கள், நீ யாருடையதை எழுதினாய்? மெஸ்ஸில் எந்தக் கிழமை சாப்பிடாமல் வெளியே ஓடுவாய்? லாக்டவுனில் எங்கே உட்கார்ந்து கிளாஸ் கவனித்தாய்? இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடப் பேசாதவர் யார்?

பதில்கள் வரத் தொடங்கியதும் எனக்கே ஆச்சரியம். முன்பு "மிஸ் யூ ஆல்" எழுதியவனே இப்போது எழுதியிருந்தான்: "மொட்டை மாடி, தண்ணி டேங்க் மேல. அங்கதான் டவர் எடுக்கும். மழை வந்தா ஆப்சென்ட்." இன்னொருத்தன் வாய்க்கால் கரையில் ஆடுகளை விட்டுவிட்டு சாயில் மெக்கானிக்ஸ் கேட்டிருக்கிறான். மண்ணின் மேலேயே உட்கார்ந்து மண்ணைப் பற்றிய பாடம். ஒரு பெண், "எங்க வீட்ல ஒரே போன். காலைல தம்பிக்கு, மத்தியானம் எனக்கு. அதனால ஃபர்ஸ்ட் ஹவர்ல நான் இருந்ததே இல்ல" என்று எழுதியிருந்தாள். ஃபர்ஸ்ட் ஹவர் வராததற்கு அவளை நாங்கள் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்!

எங்கள் பேட்சுக்கு இந்த லாக்டவுன் கேள்வி முக்கியம். 2020 மார்ச்சில், நான்காவது செமஸ்டர் நடுவில், கல்லூரியை மூடினார்கள். நடுவில் திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 2021 செப்டம்பரில்தான் ஒழுங்காகத் திரும்பினோம். நான்கு வருடம் என்று சொல்லிக்கொண்டாலும், ஒரே அறையில் இருந்தது இரண்டரை வருடத்துக்கும் குறைவு. உங்கள் பேட்சுக்கு வேறு ஏதாவது இருக்கும். வெள்ளமோ, பில்டிங் மாறியதோ, ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) மாறியதோ. அதைக் கேள்வியாக்குங்கள்.

கடைசிக் கேள்விக்கு வந்த பதில்களை நாங்கள் அச்சிடவில்லை. 11 பேர் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள். டிப்ளமோ முடித்து வந்த ஆறு பேரில் ஒருவர். எங்களைவிட மூன்று வயது மூத்தவர். கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். நானும் அவருடன் பேசியதில்லை, நான் ரெப்பாக இருந்தும். அவருக்குப் போன் செய்தேன். டிப்ளமோவுக்கும் கல்லூரிக்கும் நடுவில் சைட்டில் வேலை பார்த்தவர் என்பதே அன்றுதான் தெரிந்தது. லாக்டவுனால் தள்ளிப்போன சர்வே கேம்ப்பை (நிலம் அளக்கும் பயிற்சி முகாம்) மூன்று நாளில் கல்லூரி மைதானத்திலேயே முடித்தார்களே, அப்போது நான்கு குழுக்களின் லெவல் ரீடிங்கும் கணக்கில் டாலி ஆகாமல் நின்றது. ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான். அதில் எங்கள் குழுவும் ஒன்று. "யாரும் கேக்கல, அதான் சொல்லல" என்றார். ஆக அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பதிலைப் புத்தகத்தில் போட அல்ல. யாருக்கு நீங்கள் போன் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

ஃபார்ம் நிரப்பாதவர்களை விரட்ட வேண்டாம். எழுத வராதவர்கள் பேசுவார்கள். வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லி, அதைக் கேட்டு நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எங்கள் 58 பேரில் 9 பேருடைய பகுதி அப்படி வந்ததுதான். அவர்கள் பேச்சிலேயே விட்டுவிடுங்கள், இலக்கணம் திருத்தப் போகாதீர்கள்.

மறந்துபோனதைத் தேட வாட்ஸ்அப் குரூப் ஒரு சுரங்கம். சாட்டை எக்ஸ்போர்ட் செய்தால் டெக்ஸ்ட் ஃபைலாக வரும், தேதி போட்டுத் தேடலாம். ஆனால் மீடியா இல்லாமல் எடுத்தாலும் சமீபத்திய 40,000 செய்திகள் வரைதான் வரும், மீடியாவோடு என்றால் 10,000. எங்கள் குரூப்பில் "அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா" என்ற வரி மட்டும் 212 முறை இருந்தது. முதல் ஆண்டு முழுக்க அந்த வரம்புக்கு அப்பால் போய்விட்டது. 2018 நவம்பர் 16, கஜா புயல் கரை கடந்த விடியற்காலையில் யார் யார் எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருந்தோம் என்ற பேச்சு அதில் இருந்தது. நல்லவேளை, ஒருத்தி ஸ்க்ரீன்ஷாட் வைத்திருந்தாள். இதைப் படிப்பது இரண்டாம் ஆண்டு ரெப் என்றால், இன்றைக்கே ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு ஃபைல்.

படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சல்தான் மிஞ்சும். ஏ5 பக்கம் முழுக்க ஒரு படத்தைத் தெளிவாக அச்சடிக்க 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். அதனால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவ் லிங்க் கொடுங்கள். டிரைவ் என்றதும் ஒரு எச்சரிக்கை: கல்லூரி கொடுத்த மெயில் ஐடியில் படங்களைச் சேர்க்காதீர்கள். படிப்பு முடிந்ததும் பல இடங்களில் அந்த ஐடியை எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே சேர்த்திருந்தால் உங்கள் சொந்தக் கணக்குக்கு இப்போதே மாற்றிவிடுங்கள்.

எல்லோரும் கல்லணை ட்ரிப்பில் எடுத்த செல்ஃபிகளைத்தான் அனுப்புவார்கள். கரிகாலன் சிலை முன்னால் அதே பதினைந்து பேர், அதே கூலிங் கிளாஸ். அதில் ஒன்று போதும். நீங்களே ஒருநாள் கேமராவோடு போய் ஆளில்லாத படங்கள் எடுங்கள். கான்கிரீட் லேபில் க்யூப் மோல்டுகள், பெயர் கிறுக்கிய பெஞ்ச், கேன்டீன் டீ கிளாஸ், நோட்டீஸ் போர்டில் ஒட்டிய இன்டர்னல் மார்க். எங்கள் புத்தகத்தில் எல்லோரும் நின்று பார்க்கும் பக்கம், மூன்றாவது பெஞ்சில் எவனோ காம்பஸால் குடைந்த பள்ளத்தின் படம்.

அப்புறம் பட்டப்பெயர். இதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. "பட்டப்பேர் இல்லாம என்ன மலர்" என்றார்கள் பையன்கள். ஒரு விதி வைத்தோம்: அவரவர் பட்டப்பெயரை அவரவரே ஃபார்மில் எழுதித் தந்தால் மட்டும் போடுவோம். நிறத்தை வைத்து நாங்கள் எல்லோரும் நான்கு வருடமாக ஒருவனைக் கூப்பிட்ட பெயரை அவன் எழுதவில்லை. சிரித்துக்கொண்டேதான் இருப்பான், பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தோம். பட்டப்பெயர் கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. காதல், பிரேக்அப், அரியர் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். புத்தகம் வீட்டுக்குப் போகும், அம்மா அப்பா படிப்பார்கள். (அரியரைப் பொறுத்தவரை நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியரும் பாஸ் என்று தமிழக முதல்வர் அறிவித்த அன்று எங்கள் குரூப்பில் நடந்த கொண்டாட்டத்துக்கே ஒரு பக்கம் ஒதுக்கினோம்.)

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை மட்டும் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் விடாதீர்கள். 2021 மே மாதம் அப்பாவை இழந்த ஒரு தோழி, அந்த வாரத்தைப் பற்றி இருபது வரி எழுதிக் கொடுத்திருந்தாள். டைப் செய்யும்போதே நான் அழுதுவிட்டேன். ப்ரூஃப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்டி, பஸ் பத்தி மட்டும் போடு" என்றாள். எடுத்துவிட்டோம். ஏன் என்று கேட்கவில்லை.

இனிஷியலையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிலர் அம்மா பெயரின் எழுத்தையும் சேர்ப்பார்கள், சிலர் தமிழ் எழுத்தில்தான் வேண்டும் என்பார்கள்.

அச்சு வேலையில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 66 பிரதிக்கு ஆஃப்செட் வேண்டாம். பிளேட் செலவே விழுங்கிவிடும், டிஜிட்டல் போதும். தாள்களை மடித்து நடுவில் பின் அடிக்கும் சென்டர் பின் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். எல்லாப் பக்கமும் கலர் என்றால் பணம் பத்தாது. நாங்கள் நடுவில் இருக்கும் 16 பக்கம், அதாவது 17 முதல் 32 வரை மட்டும் கலர் போட்டோம். மடிக்கும்போது அவை தனியாக நான்கே தாள் என்பதால் கடைக்காரருக்கும் சுலபம். பிரதிக்கு 210 ரூபாய் ஆனது, மொத்தம் 13,860. வசூல் 14,500. மிச்சம் 640 கூரியருக்கும் டீக்கும் சரியாகப் போனது. கணக்கை குரூப்பில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்தும் கேட்பார்கள்.

எழுத்துருவில் கவனம். நாங்கள் முதலில் போன டி.டி.பி. கடையில் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள். யூனிகோடில் அடித்ததைக் கொடுத்தால் வேறு எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டினார்கள். கொம்பும் காலும் இடம் மாறி, பாதி கிளாஸின் பெயர் சிதைந்து வந்தது. புத்தகத்தை நீங்களே வடிவமைத்து, எழுத்துரு உள்ளேயே பதிந்த பி.டி.எஃப்.ஆகக் கொடுங்கள். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுவையுங்கள், ஓரம் வெட்டும்போது யாருடைய தலையும் போகாது. முதலில் ஒரே ஒரு பிரதி அடித்து, நான்கு பேர் படித்த பிறகு மற்றது.

குரூப் போட்டோ எடுத்த அன்றே, நிற்கும் வரிசையில் ஒருவர் போனில் வீடியோ எடுத்தபடி நடந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லச் சொல்லுங்கள். "இடமிருந்து வலம்" எழுதும்போது இந்தச் சின்ன வீடியோ உயிர் காக்கும்.

பிரதிகளை எண்ணும்போது கிளாஸை மட்டும் எண்ணாதீர்கள். எங்கள் 66இல் 58 போக, டிபார்ட்மென்ட் லைப்ரரிக்கு ஒன்று, ஹெச்.ஓ.டி.க்கு ஒன்று, சர்வே லேப் அண்ணனுக்கு ஒன்று, மெஸ் மாஸ்டருக்கு ஒன்று, பஸ் டிரைவர் அண்ணனுக்கு ஒன்று, கையிருப்பு ஒன்று. மீதி இரண்டு, முதல் ஆண்டோடு நின்ற அந்த இருவருக்கு. அவர்களுக்கும் அதே கேள்விகளை அனுப்பி, பதிலை 47ஆம் பக்கத்தில் போட்டோம். ஒருவருக்குக் கூரியரில் போய்ச் சேர்ந்தது. மற்றவன் பட்டுக்கோட்டைப் பக்கம். கஜாவில் அவன் வீட்டுத் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. அந்த வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு திருப்பூர் போனான். "ஊருக்கு வரும்போது நேர்ல வாங்கிக்கிறேன்" என்று சொல்லி ஏழு மாதம் இழுத்தடித்தான்.

பொங்கலுக்கு வந்தான். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நேராக 47ஆம் பக்கத்தைத் திருப்பினான். தன் பதிலைப் படித்துவிட்டு, "நாலாவது பெஞ்ச்னு போட்டிருக்க. நான் அஞ்சாவதுல்ல" என்றான். என்னிடம் பேனா வாங்கித் திருத்தினான். அப்புறம் உள்ளே போய் என் பிரதியையும் எடுத்து வரச் சொல்லி, அதிலும் நாலை அடித்து அஞ்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினான்.