நாற்பது லிட்டரில் ஒரு பவளத் தொட்டி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். உயிருள்ள பவளம் வளர்க்கும் இந்தக் கண்ணாடித் தொட்டி 40 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போட்டபின் நிற்பது 35 லிட்டர்தான். சென்னை அடுக்குமாடி வீட்டிலும் ஒரு கனமான மேஜை போதும். ஆனால் தொட்டி சிறியது என்பதால் வேலையும் எளிது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் உப்பும் சூடும் சட்டென்று மாறிவிடும். அந்த 35 லிட்டரை ஒரே நிலையில் வைத்திருக்கத்தான் கீழே சொல்வதெல்லாம்.

முதலில், கல்

கடலிலிருந்து எடுத்த எதையும் வாங்காதீர்கள். பாறை கட்டும் கடினப் பவளங்களும் கடல் விசிறியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பல காலம் வெட்டினார்கள். அங்கே இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அதனால் தொட்டிக்கென்று செய்யப்பட்ட பீங்கான் கல் போதும். மூன்று நான்கு கிலோ எடுத்து, இடைவெளி விட்டு, அசையாமல் அடுக்குங்கள். மேலே இரண்டு செ.மீ. மணல் போடுங்கள்.

தண்ணீர்

மெரினா தண்ணீர் வேண்டாம். அதன் வடக்கு முனையில் கூவம் கலக்கிறது. போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரை, மிச்சமுள்ள தாதுக்களையும் நீக்கும் டி.ஐ. ரெசின் வழியாகவும் விட்டு, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் எடுங்கள்.

"கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது?" என்று பலர் கேட்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முன்னதாகவே ஜிப்சமாகப் படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். பாத்தியில் வாருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. பவளத்துக்கு விட்டுப்போன அந்த இரண்டும் வேண்டும். ஆகவே மீன் தொட்டிக் கடையில் 'ரீஃப் சால்ட்' என்றே கேட்டு வாங்குங்கள்.

வாளித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 36 கிராம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சின்ன மோட்டார் வைத்து ஒரு நாள் சுழல விடுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்தில் 35 பங்கு) வரவேண்டும்.

காத்திருப்பு

தொட்டியில் ஊற்றி, நீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டாரை ஓட விட்டு, ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஆகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை உயிர் எதையும் விடக்கூடாது. நடுவில் கல்லெல்லாம் பழுப்பாகப் பாசி படரும். அது தானே போகும்.

ஆவி

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். 35 லிட்டரில் ஒரு லிட்டர் போனால் உப்பு 35-லிருந்து 36 ஆகிறது. மூன்று லிட்டர் போனால் 38-ஐத் தாண்டுகிறது. ஒரு மே மாதம் மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் தொட்டியில் பவளமெல்லாம் சுருங்கி, நத்தைகள் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. ஒரேயடியாக நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த அதிர்ச்சியிலேயே செத்திருக்கும். ஒரு முழு நாள் எடுத்துச் சிறிது சிறிதாக இறக்கினேன்.

கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். தினமும் காலையில் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள். வெளியூர் போனால் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

சூடு 25, 26 டிகிரியில் நிற்கவேண்டும். நம் ஊரில் ஹீட்டரைவிட ஃபேன்தான் முக்கியம். நீர்மேல் காற்று படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆவியும் கூடும். சித்திரை, வைகாசியில் அதுவும் போதாமல் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி தேவைப்படலாம். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

பவளம், மீன்

மஷ்ரூம், சிறு பூக்கள் போலக் கொத்தாக வளரும் ஜோவாந்திட் போன்ற மென்மையான வகைகளில் தொடங்குங்கள். வளர்ப்பில் வெட்டிப் பெருக்கிய துண்டா என்று கேட்டு, ரசீதும் வாங்குங்கள். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மணலருகே கீழே வையுங்கள். இவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் பெரும்பகுதி உணவைத் தருகிறது. விளக்கு தினம் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்.

ஜோவாந்திட்டைக் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது, அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

இந்த அளவுக்கு ஒரு சிறு மீன் போதும். பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனைக் கேளுங்கள். அதை வளர்க்கும் முறையை ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் விடாதீர்கள். நத்தையும் பவளமும் தாங்காது.

பிறகு வாரத்துக்கு ஒருநாள் மூன்றரை லிட்டர் எடுத்துவிட்டு, முந்தின நாளே கலக்கி வைத்த அதே உப்பு, அதே சூடுள்ள மூன்றரை லிட்டரை ஊற்றுங்கள்.