சிங்கப்பூரில் காலை 6 மணி இருட்டு: அதற்கேற்ற காலைப் பழக்கத்தை அமைப்பது எப்படி?

ஊரிலிருந்து என் மாமியார் முதல்முறை யீஷூனுக்கு வந்து எங்களோடு தங்கியபோது, வழக்கம்போல 5 மணிக்கு எழுந்துவிடுவார். சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஆறரை ஆச்சு, இன்னும் விடியலையே மாப்பிள்ளை?" என்று மூன்றாம் நாள் கேட்டார். ஊரில் அந்நேரம் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருப்பார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நம் கடிகாரம் சூரியனை முந்திக்கொண்டு ஓடுகிறது. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு, கிரீன்விச்சைவிட சுமார் 7 மணி நேரம் முன்னே இருந்தால் போதும். ஆனால் மலேசியா தன் பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் வைத்தபோது, அதுவரை ஏழரை மணி நேர வித்தியாசத்தில் இருந்த நாமும் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே தள்ளி, 8 மணி நேர வித்தியாசத்துக்கு வந்துவிட்டோம். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 1 மணியை ஒட்டித்தான். சென்னையில் அது 12 மணியைச் சற்றுத் தாண்டியதும் வந்துவிடுகிறது. ஆக, இங்கே காலை 6 மணி என்பது சூரியக் கணக்கில் சென்னையின் 5 மணி. இங்கே 5 மணிக்கு எழுவது அங்கே 4 மணிக்கு எழுவது மாதிரி.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. "விடியற்காலை 5 மணிக்கு எழுந்துவிடு" என்ற அறிவுரையை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுத் தொடங்குகிறவர்கள் ஒரு வாரத்தில் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை அப்படி விட்டிருக்கிறேன். மனவுறுதி போதவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தூக்கம் முடியும் முன்பே எழுந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. பூமத்தியரேகையின் பக்கத்தில் இருப்பதால், வருடம் முழுக்கச் சூரிய உதயம் ஏறக்குறைய 6:45-க்கும் 7:15-க்கும் நடுவில்தான். ஒரு நேரத்தை முடிவு செய்தால் ஜனவரிக்கும் ஜூலைக்கும் அதுவே போதும். சரி, தொடங்கலாம்.

படி 1: கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்தை முதலில் எழுதுங்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் 9 மணிக்கு வேலை, வீட்டிலிருந்து 8:10-க்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குளித்து உடுத்த 20 நிமிடம், உட்கார்ந்து சாப்பிட 15, நடைக்கு 25, எழுந்து முகம் கழுவ 10, எதிர்பாராததற்கு இன்னொரு 10. மொத்தம் 80 நிமிடம். அப்படியென்றால் 6:50-க்கு எழுந்தால் போதும். பலரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை. போட்டுப் பார்த்தால் மனசுக்கே ஒரு நிம்மதி வருகிறது.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கதை வேறு. பள்ளிப் பேருந்து 6:30-க்கே புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) கீழே வந்து நிற்கும். 5:45-க்கு எழாமல் முடியாது. அந்த வீடுகளில் மாற்ற வேண்டியது இரவை. அதற்கு அடுத்த படியில் வருகிறேன்.

எழும் நேரத்தைச் சனி, ஞாயிறிலும் மாற்றாதீர்கள். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம். ஞாயிறு 10 மணி வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள்கிழமை கெட்டுவிடும்.

படி 2: முந்தைய இரவைச் சரி செய்யுங்கள்

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6:50-க்கு எழுபவர் 11:30-க்குள் படுத்துவிட்டால் சமாளிக்கலாம். 5:45-க்கு எழுபவர் 10:30-க்குள் படுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. இரவு 9 மணித் தொடரைப் பார்த்துவிட்டு, அப்புறம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போனால் அந்தக் கணக்கு நடக்காது. சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதிகம் பலன் தந்தது இந்த ஒன்றுதான்.

மாலை 4 மணிக்கு மேல் தேநீர், கோப்பி வேண்டாம். உடலில் கஃபைன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் குடித்த தே தாரிக்கில் (ஆற்றிய பால் தேநீர்) இருந்த கஃபைனில் பாதி, 10 மணிக்கும் உங்களோடு விழித்திருக்கும்.

படுக்கும் முன் 5 நிமிடம் மட்டும்: காலணியையும் நடைக்கான உடையையும் கதவருகே வையுங்கள், காலைக்குச் சுண்டல் வேண்டுமானால் கொண்டைக்கடலையை ஊறப் போடுங்கள்.

படி 3: எழுந்த முதல் 10 நிமிடம்

அலாரத்தைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். எழுந்ததும் ஒரு குவளைத் தண்ணீர். இங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். திரையை விலக்குங்கள். கைப்பேசியில் செய்தி பார்ப்பது நடை முடிந்த பிறகு. இந்தப் படியில் இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

படி 4: விடிந்ததும் கீழே இறங்குங்கள்

என்னைக் கேட்டால், இந்தப் பழக்கத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைத் தினமும் சரிப்படுத்துவது கண்ணில் படும் காலை வெளிச்சம். வீட்டு விளக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும், மேகமூட்டமான காலையின் வெளிச்சம்கூட அதைவிடப் பல மடங்கு அதிகம். காலையில் வெளிச்சம் பட்டால் இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும். அதனால்தான் இருட்டில் 5:30-க்கு நடப்பதைவிட, முடிந்தவர்கள் 7 மணியை ஒட்டி நடக்கட்டும் என்கிறேன். அந்நேர வெயில் தோலைச் சுடாது. புற ஊதாக் கதிர் சிங்கப்பூரில் உச்சத்துக்குப் போவது நண்பகலைத் தாண்டித்தான்.

பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிவிடும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கையசைத்துவிட்டு மறுபடி மேலே போகாதீர்கள். லிஃப்டில் ஏறிவிட்டால் அன்றைய நடை போயிற்று. நடைக் காலணியோடே கீழே இறங்குங்கள், அப்படியே நடக்கத் தொடங்கிவிடுங்கள். பாதி நடையில் விடிந்துவிடும்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 20, 25 நிமிடம் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. முதல் வாரம் புளோக்கை இரண்டு சுற்று சுற்றிவந்தால் போதும். பிறகு பூங்கா இணைப்புப் பாதைகளுக்குப் போகலாம். நான் யீஷூன் குளத்தைச் சுற்றி வருவேன். பீஷான் அங் மோ கியோ பூங்கா, காலாங் ஆற்றோரம் என்று எந்தப் பேட்டையிலும் பக்கத்தில் ஏதாவது ஒரு பாதை இருக்கும். வழியில் உடற்பயிற்சி மூலையில் தை சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்யும் பாட்டிமாரைப் பார்ப்பீர்கள். ஒரு வாரம் போய்ப் பாருங்கள், அவர்களே தலையசைத்து வணக்கம் சொல்வார்கள். அந்தத் தலையசைப்புக்காகவே நான் இறங்கிப் போன நாட்கள் உண்டு.

மழை பெய்தால் புளோக் கீழ்த்தளத்திலேயே நடக்கலாம். டிசம்பர், ஜனவரியில் அதுதான் வழி. புகைமூட்டம் இருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கொரு முறை வெளியிடும் பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

படி 5: கோப்பியைப் படிப்படியாக மாற்றுங்கள், பசியாறலை (காலை உணவை) மறக்காதீர்கள்

மூன்று வருடத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நீரிழிவு. அன்று நான் முதலில் எண்ணிப் பார்த்தது என் காலைக் கோப்பியைத்தான். காப்பிக்கடையில் வெறுமனே "கோப்பி" என்றால் இனிப்பான டின் பால் ஊற்றித் தருவார்கள். "கோப்பி ஓ" என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத டின் பால், ஆனால் சர்க்கரை தனியாகப் போடுவார்கள். "சியூ டாய்" சேர்த்தால் இனிப்புக் குறைவு. "கோசோங்" என்றால் மலாயில் காலி, சர்க்கரையே இல்லை. தேநீருக்கும் இதே சொற்கள்தான்.

ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவினால் நாக்கு ஒத்துக்கொள்ளாது. நான் செய்தது இப்படி: இரண்டு வாரம் கோப்பி சியூ டாய், அடுத்த இரண்டு வாரம் கோப்பி சி சியூ டாய், அதன்பின் கோப்பி சி கோசோங். ஆறாவது வாரம் பழைய கோப்பியை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், பாயசம் மாதிரி இருந்தது. பாக்கெட், டின் பானம் வாங்குகிறவர்கள் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள். 2022 டிசம்பர் இறுதியிலிருந்து நடப்பில் உள்ள முறை அது. ஏ, பி பக்கமே இருங்கள்.

பசியாறலுக்கு நம் சாப்பாட்டை விட்டுவிட வேண்டியதில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக் கணக்கு எளிது: பாதித் தட்டு காய்கறி, பழம், கால் தட்டு முழுதானியம், கால் தட்டு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம். நம் காலைத் தட்டில் பெரும்பாலும் குறைவது காய்கறியும் புரதமும். இரண்டு தோசையோடு சாம்பாரில் காயை அள்ளிப் போட்டு, ஒரு அவித்த முட்டை வையுங்கள். இட்லிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். கேழ்வரகுக் கூழ் பிடிக்குமென்றால் இன்னும் நல்லது. புரோட்டா ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

படி 6: எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள்

முதல் இரண்டு வாரம் எழும் நேரமும் படுக்கும் நேரமும் மட்டும். மூன்றாம் வாரம் கீழே இறங்கி ஐந்தே நிமிடம். அது பழகியதும் நடையை நீட்டுங்கள். கோப்பியும் பசியாறலும் அதற்குப் பிறகு.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று பலர் சொல்வார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 2010-இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வர எடுத்த காலம் நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்றும் அதில் கண்டார்கள். தீபாவளிக்கு மறுநாள் எழ முடியவில்லையா, விடுங்கள். அதற்கு அடுத்த நாள் அதே நேரத்துக்கு எழுந்தால் சரி.

இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்த நேரங்கள் பொருந்தாது. உங்களுக்குக் காலை என்பது நீங்கள் தூங்கி எழும் நேரம். வேலை முடிந்து விடியலில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தடித்த திரைபோட்டு அறையை இருட்டாக்கித் தூங்குங்கள், எழுந்ததும் வெளியே போய் வெளிச்சத்தில் 20 நிமிடம் நடங்கள். மாலை 4 மணி வெயிலாக இருந்தாலும் அதுவே உங்கள் காலை நடை.