ஸ்கேன் செய்த பழைய பத்திரங்களைப் பிழைபடாமல் அனுப்புவதும் காப்பதும் எப்படி?

வேலூர்த் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 632001. அதன் கடைசி இலக்கத்தை ஒருவர் 9 என்று எழுதிவிட்டால் கடிதம் சத்துவாச்சாரிக்குப் போய்விடும். 632009 என்பதும் முறையான பின்கோடாகவே இருப்பதால், ஆறு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு அதில் பிழை இருப்பதாக எவராலும் சொல்ல இயலாது. ஆதார் எண்ணின் நிலை வேறு. அதன் 12ஆவது இலக்கம், முந்தைய 11 இலக்கங்களிலிருந்து வெர்ஹோஃப் முறைப்படி கணக்கிடப்படுகிறது. ஆகையால் ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு ஒத்துவராமல் பிழை வெளிப்பட்டுவிடும். செய்தியோடு, அச்செய்தியிலிருந்தே கணக்கிட்ட சிறிதளவு மிகைத் தகவலையும் சேர்த்து வைப்பதுதான் பிழை கண்டறிதலுக்கும் திருத்தலுக்கும் அடிப்படை.

வட ஆற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்துக் கிரயப் பத்திரங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பவர்கள் நம் பகுதியில் இன்று பலர் இருக்கிறார்கள். தாள் அரிக்கப்பட்டால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கோப்பில் ஒரு பிட் (0 அல்லது 1 என்னும் மிகச் சிறிய தரவு அலகு) புரண்டால் அதைத் திறக்கும் நாள் வரை தெரியாது. ஆகவே எந்தக் கருவியைத் தேர்வதற்கு முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பிழை என்று தெரிந்தால், மூலத்தை மறுபடி கேட்டு வாங்க முடியுமா? முடியுமென்றால் கண்டறிதல் மட்டும் போதும், அதற்குச் செலவு மிகக் குறைவு. முடியாதென்றால் திருத்தத்துக்கு வேண்டிய தகவலை முன்கூட்டியே சேர்த்து வைத்தாக வேண்டும். அனுப்புதல் பெரும்பாலும் முதல் வகையையும், சேமித்தல் இரண்டாம் வகையையும் சேர்ந்தது.

தாளில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்

கருவிகளை நம்புவதற்கு முன், பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹேமிங் 1950இல் வெளியிட்ட முறையைக் கையால் ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. பிழை கண்டவுடன் நின்றுவிடும் கணிப்பொறியைப் பார்த்து, பிழை இருப்பதை அறியத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று ஏன் தெரியக்கூடாது என அவர் கேட்டதன் விளைவு அது.

நம் பின்கோட்டின் முதல் இலக்கமான 6ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இரும வடிவம் 0110. ஏழு கட்டங்கள் வரைந்து, இந்த நான்கு பிட்களையும் 3, 5, 6, 7ஆம் கட்டங்களில் வரிசையாக எழுதுங்கள். 1, 2, 4ஆம் கட்டங்கள் சோதனை பிட்களுக்கு உரியவை. 1, 3, 5, 7 ஆகிய கட்டங்களில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி முதல் கட்டத்தை நிரப்புங்கள். அவ்வாறே 2, 3, 6, 7 ஆகியவற்றுக்காக இரண்டாம் கட்டத்தையும், 4, 5, 6, 7 ஆகியவற்றுக்காக நான்காம் கட்டத்தையும் நிரப்பினால் 1100110 கிடைக்கும்.

இப்போது ஐந்தாம் கட்டத்தை வேண்டுமென்றே மாற்றி 1100010 ஆக்குங்கள். முதல் சோதனையும் நான்காம் கட்டத்தின் சோதனையும் தவறும், இரண்டாவது தேறும். தவறிய சோதனைகளின் எண்களான 1ஐயும் 4ஐயும் கூட்டினால் 5 வருகிறது. பிழை இருக்கும் கட்டமும் அதுவே. அதைத் திருப்பிப் போட்டால் 6 மீண்டும் கிடைத்துவிடும்.

ஆனால் இம்முறையின் எல்லையையும் அதே தாளில் பார்த்துவிட வேண்டும். ஐந்தாம் கட்டத்தோடு ஆறாம் கட்டமும் புரண்டு 1100000 என்று வந்தால், தவறும் சோதனைகள் 1, 2 என்பதால் கூட்டுத்தொகை 3 ஆகிறது. கணக்கு மூன்றாம் கட்டத்தை மிகுந்த உறுதியோடு "திருத்தி" 1110000 என்று தர, தரவு 1000 ஆகி, 6 என்பது 8 ஆகிவிடுகிறது. எட்டில் தொடங்கும் பின்கோடுகள் பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும் உரியவை. தாங்கும் அளவை மீறிய பிழையைத் திருத்தும் முறை, பிழையைப் பெரிதாக்கிவிட்டுச் சரிசெய்துவிட்டதாகவும் அறிவிக்கும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஏழு பிட்களுக்கும் பொதுவாக, மொத்த ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் எட்டாவது பிட் (பேரிட்டி பிட்) ஒன்றைச் சேர்த்தால், ஒரு பிழையைத் திருத்துவதோடு இரண்டு பிழைகள் நேர்ந்ததையாவது அறிந்து நின்றுவிடலாம். சர்வர்களில் பயன்படும் இசிசி (பிழை திருத்தும்) நினைவகம் 64 பிட்களுக்கு 8 பிட்கள் கூடுதலாக வைத்து இதைத்தான் செய்கிறது.

அனுப்பும்போது

கம்பிவழி வலையமைப்பான ஈதர்நெட்டில் செல்லும் ஒவ்வொரு சட்டகத்தின் (தரவுத் துண்டின்) இறுதியிலும் சிஆர்சி 32 என்னும் 32 பிட் சோதனை எண் இருக்கிறது. தொடர்ச்சியாக 32 பிட்கள் வரை கெட்டுப்போனாலும் அது தவறாமல் கண்டுபிடித்துவிடும். பழுதான சட்டகம் கைவிடப்பட, விடுபட்டதை டிசிபி என்னும் இணைய நெறிமுறை மறுபடி அனுப்பச் செய்யும். ஆகவே காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்கு அனுப்பிய கோப்பு வழியில் கெட்டிருக்குமோ என்பதைவிட, ஏறும் முன்போ இறங்கிய பின்போ கெட்டிருக்குமோ என்பதுதான் பொருத்தமான ஐயம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் செயலியே அதைச் சுருக்கி வேறு கோப்பாக்கிவிடுகிறது. இது பிழையன்று என்றாலும் பத்திரத்தின் சிறிய எழுத்துகள் அதில் போய்விடும். எனவே ஆவணம் என்ற தேர்விலேயே அனுப்ப வேண்டும்.

இரு முனைகளிலும் ஒரே கோப்புதான் இருக்கிறதா என்பதற்கு கோப்பின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணக்கிடப்படும் கையொப்பமான எஸ்எச்ஏ 256 ஹேஷ் போதுமான சான்று. விண்டோஸில் செவன் ஜிப் நிறுவியிருந்தால், கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ பட்டியலில் எஸ்எச்ஏ 256 கோப்பை உருவாக்கும் தேர்வைச் சொடுக்குங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கையொப்பம் பட்டியலாகச் சேமிக்கப்படும். ஸ்கேன் முடிந்தவுடன், முதல் நகல் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பிறகு செய்தால், ஏற்கெனவே கெட்ட கோப்புக்கும் ஒரு நல்ல கையொப்பம் கிடைத்துவிடும்.

நகல் எடுத்த பின் சரிபார்ப்பதில் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. நகல் முடிந்த உடனே சரிபார்த்தால், இயங்குதளம் டிஸ்கைப் படிக்காமல் தன் நினைவகத்தில் மிச்சமிருக்கும் பிரதியையே படித்துக் காட்டக்கூடும். ஆகவே டிஸ்கை முறைப்படி வெளியேற்றி, கழற்றி மீண்டும் செருகிய பிறகு சரிபாருங்கள்.

காக்கும்போது

ஹேஷ் பிழையைச் சொல்லுமே தவிர, அதைத் திருத்தாது. அதற்கு இர்விங் ரீடும் கஸ்டேவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட குறிமுறையைப் பயன்படுத்தும் பார்2 என்னும் மீட்புக் கோப்புகள் வேண்டும். சிடியில் கீறல் விழுந்தும் பாட்டு ஒலிப்பதும், கடை வாசலில் ஒட்டிய கியூஆர் குறி ஓரம் கிழிந்தும் படிக்கப்படுவதும் அதே குறிமுறையால்தான்.

மல்டிபார் என்னும் இலவச மென்பொருளில் கோப்புறையைத் தேர்ந்து, மிகைத் தகவலின் அளவை 10 விழுக்காடாக வைக்கப் பரிந்துரைக்கிறேன். 20 ஜிபி கோப்புறை 2000 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டால், ஏறத்தாழ 2 ஜிபி இடத்தில் 200 மீட்புத் துண்டுகள் உருவாகும். மூலத்தில் எந்த 200 துண்டுகள் கெட்டாலும் முழுவதையும் மீட்டுவிடலாம். ரீட் சாலமன் முறை, பிழையின் இடம் தெரியாதபோது தன்னிடமுள்ள மிகைத் தகவலில் பாதி எண்ணிக்கையிலான பிழைகளையே திருத்தும், ஆனால் இடம் தெரிந்தால் முழு எண்ணிக்கையையும் திருத்தும். பார்2 ஒவ்வொரு துண்டுக்கும் தனியே செக்சம் (சோதனை எண்) வைத்திருப்பதால் கெட்ட துண்டுகள் எவை என்று அதற்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

டிஸ்கே செத்துப்போனால் அதனுள் இருக்கும் பார்2 கோப்புகளும் உடன் போய்விடும். ஆகவே இன்னொரு முழு நகலை ஆம்பூரிலோ ஆரணியிலோ உள்ள உறவினர் வீட்டில் வைப்பதை எந்தக் குறிமுறையும் ஈடுசெய்யாது. எல்லாவற்றையும் ஒரே பெரிய சுருக்கக் கோப்பாகக் கட்டிவைப்பதையும் தவிருங்கள். சுருக்கப்படாத டிஃப் படத்தின் உடற்பகுதியில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மட்டும் மாறும். ஜேபெக் படத்திலோ அந்த இடத்துக்குக் கீழே படமே குலைந்துபோகலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். பென்டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் தரவு மின்னேற்றமாகவே நிற்கிறது, வெப்பம் கூடக் கூட அது வேகமாகக் கசியும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், மொட்டைமாடி அறையின் பீரோவில் ஆண்டுக்கணக்கில் மின்னிணைப்பின்றிக் கிடக்கும் பென்டிரைவை ஒரே காப்பாக நம்பக் கூடாது. பங்குனியில் ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் எல்லா நகல்களையும் ஹேஷ் பட்டியலோடு ஒப்பிடுவது போதுமான ஒழுங்கு.

ஹேஷ் ஒத்துவராதபோது

முதலில், தானாக ஒத்திசைக்கும் மென்பொருள் ஏதேனும் இயங்கினால் நிறுத்திவிடுங்கள். கெட்ட நகல் நல்ல நகலின் மேல் எழுதப்படுவது இந்த வேளையில்தான் நிகழ்கிறது. அடுத்து, அதே கோப்பின் ஹேஷை, ஒவ்வொரு முறையும் டிஸ்கைக் கழற்றிச் செருகி, இரண்டு மூன்று முறை கணக்கிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வந்தால் சேமித்த தரவு நன்றாகவே இருக்கலாம், குற்றம் பெரும்பாலும் கேபிளிலோ கணினியின் நினைவகத்திலோ இருக்கும். எல்லா முறையும் ஒரே தவறான விடை வந்தால் டிஸ்கில் உள்ள தரவே கெட்டிருக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் காட்டும் அட்டவணையில் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்கில் பழுதான சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறினால் டிஸ்கை மாற்றுங்கள்.

தரவே கெட்டிருந்தால், மற்றொரு நகலின் ஹேஷ் பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்த்து அதிலிருந்து மீட்பது எளிது. அதுவும் இல்லாதபோது மட்டும், கெட்ட கோப்புறையை முழுவதுமாக வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்து, அந்த நகலின் மேல் மல்டிபாரின் பழுதுநீக்கத்தை இயக்குங்கள். கிடைத்த கோப்புகளின் ஹேஷை முதல் நாளில் எடுத்த பட்டியலோடு ஒப்பிட்டு, 64 எழுத்துகளும் பொருந்திய பின்னரே பழைய கோப்புறையை அழிக்கலாம்.