மெக்கட்ரோனிக்ஸ் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலை தேடுவோர் விடும் பிழைகள்

வேலை தேடும் இணையத்தளங்களில் ‘மெக்கட்ரோனிக்ஸ் எஞ்சினியர்’ என்று மட்டும் தேடுவதுதான் முதல் பிழை. நீங்கள் படித்த வேலைக்கு வெளிநாடுகளில் கன்ட்ரோல்ஸ் எஞ்சினியர், ஓட்டோமேஷன் எஞ்சினியர், கொமிஷனிங் எஞ்சினியர், ஃபீல்ட் சேர்விஸ் எஞ்சினியர் என்று பல பெயர்கள். ஜேர்மனியில் ‘மெக்கட்ரோனிக்கர்’ என்று வரும் விளம்பரங்களைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம். அது மூன்றரை வருடத் தொழிற்பயிற்சி முடித்த தொழில்நுட்பவியலாளருக்கான வேலை, பட்டதாரிக்கானது அல்ல.

அப்புறம் சிவி. இயந்திரவியல், மின்னியல், நிரலாக்கம் எல்லாவற்றையும் கம்பஸில் தொட்டுவிட்டு வருவதால், சிவியும் பலசரக்குக் கடைப் பட்டியல் மாதிரி நீண்டுவிடுகிறது: சொலிட்வேர்க்ஸ், மட்லாப், ஆர்டுயினோ, பைத்தன், பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி). ‘பிஎல்சி தெரியும்’ என்ற வரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ‘பயிற்சிக் காலத்தில், பியகம தொழிற்சாலையொன்றில் பொதியிடும் இயந்திரம் காரணமில்லாமல் நின்றுகொண்டிருந்தது, ஒரு சென்சரின் சிக்னல் விட்டுவிட்டு வருவதைக் கண்டுபிடித்து, சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சியின் நிரலில் டைமர் சேர்த்துச் சரிசெய்தேன்’ என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும். ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் சீமென்ஸ் பிஎல்சி அதிகம், வட அமெரிக்காவில் அலன்-பிராட்லி. போகப்போகும் நாட்டைப் பார்த்து ஒன்றை ஆழமாகப் பழகுவது நல்லது. உள்ளூரில் இரண்டு வருடம் வேலை செய்வதை வீண் என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். இரவு ஷிஃப்டில் நின்றுபோன லைனைத் திரும்ப ஓடவைத்தவருக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

பணமும் காலமும் அதிகம் கரைவது பட்ட அங்கீகாரத்தில். பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில், இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வழியாக 2014இல் இலங்கை முழு உறுப்புரிமை பெற்றது. ‘அப்படியானால் என் பட்டமும் செல்லும்’ என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அங்கீகாரம் கிடைப்பது நாட்டுக்கோ கம்பஸுக்கோ அல்ல, குறிப்பிட்ட பட்டப்படிப்புக்கு. அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு. கொழும்பில் டிப்ளோமா முடித்து, கடைசி வருடத்தை மட்டும் பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றின் பெயரில் ‘டொப்-அப்’ செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இங்கே நடக்கும் வகுப்புக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அங்கீகாரம் இல்லாவிட்டால் அவுஸ்திரேலியாவுக்கு வழியே இல்லை என்பதில்லை. அங்கே பொறியியல் தகைமைகளை மதிப்பிடும் எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா அமைப்புக்கு, நீங்கள் செய்த வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரைகள் கொண்ட திறன் அறிக்கை ஒன்றைக் கொடுக்கலாம். அதைக் காசுக்கு எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். திருட்டு எழுத்து என்று பிடிபட்டால் நிராகரிப்பதோடு, குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் விடமாட்டார்கள்.

பழைய தகவலை நம்புவது இன்னொரு பிழை. புதிய பொறியியல் பட்டதாரிகளுக்கென்று அவுஸ்திரேலியா வைத்திருந்த 476 விசாவுக்குப் புதிய விண்ணப்பங்களை ஏற்பது 2023 டிசம்பரோடு நின்றுவிட்டது. இன்றும் அதை எடுத்துப் போகச் சொல்லும் அண்ணாமார் இருக்கிறார்கள். ரொறன்ரோ மாமாவின் ஆலோசனையும் இப்படித்தான். அன்பில் குறை இல்லை, ஆனால் அவர் போன காலமும் வழியும் வேறு. புள்ளி அடிப்படையில் குடியேற ஆட்களைத் தெரிவுசெய்யும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த மேலதிகப் புள்ளிகளை 2025 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். இந்த நிலையில் புள்ளிக்காக யாராவது லட்சக்கணக்கில் காசு வாங்கிக் கடிதம் தருகிறேன் என்றால், எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கடிதம் விற்பது அங்கே சட்டவிரோதமும்கூட. சிங்கப்பூரில் பட்டதாரி வேலைகளுக்கான அனுமதியான எம்ப்ளோய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து 5,600 சிங்கப்பூர் டொலர். வயதோடு அந்தத் தொகையும் ஏறும். அதற்குக் குறைவான சம்பளத்தைச் சொல்லிவிட்டு அந்தப் பாஸ் எடுத்துத் தருகிறேன் என்கிறவரிடம் பேசிப் பிரயோசனமில்லை.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு ஒருபோதும் தலையாட்டாதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கையர்கள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் மாட்டிக்கொண்டார்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

கடைசியாக, நம் பெயர்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். போதாததற்கு ‘சிவகுமார்’ ஓர் ஆவணத்தில் ‘எச்’ எழுத்தோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் இருக்கும். அந்தப் பக்கம் பார்க்கிற அதிகாரிக்கு இவர்கள் இரண்டு பேர். பட்டச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே கம்பஸ் பதிவகத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆக்கிக்கொள்ளுங்கள். அச்சான பிறகு திருத்துவதென்றால் சத்தியக் கடதாசி, மொழிபெயர்ப்பு, பத்தரமுல்லையில் வெளிநாட்டமைச்சின் அத்தாட்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டும்.