பிளவுஸ் துண்டுகளில் பூத்த மரம்: துணியும் காகிதமும் சேர்த்து ஒரு சுவர்ப்படம்

பிப்ரவரி வாக்கில் பெங்களூரு சாலையோர டபேபுயா மரங்கள் இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு வெறும் ரோஸ் நிறப் பூவாக நிற்கும். அந்த மரத்தைத்தான் துணியில் செய்யப் போகிறோம். ஓட்டுத் தையல் தெரிந்தால் போதும், மெஷின் தேவையில்லை.

துணிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அல்சூரிலோ சிவாஜி நகரிலோ வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் டெய்லரிடம் கேளுங்கள், வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். அதில் பருத்தியாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். சாட்டினும் ஷிஃபானும் வழுக்கும், ஓரம் பிரியும், முதல் படத்துக்கு ஒத்துவராது. எம்பிராய்டரி நூலும் மணியும் வாங்க, சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். இன்னும் வேண்டியவை: 30×35 செ.மீ. காடாத் துணி, ஃபெவிக்கால், பழைய காலண்டர் தாள், நீல அக்ரிலிக் பெயிண்ட், 20×25 செ.மீ. கெட்டி அட்டை.

இந்த வேலையில் வரிசை மாறக் கூடாது: காகிதம், பெயிண்ட், துணி, தையல், இஸ்திரி, கடைசியில்தான் மணி. பிளாஸ்டிக் மணியை முதலில் கோர்த்துவிட்டால் அப்புறம் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது.

முதலில் சாயத்தைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம், பசையின் ஈரத்திலேயே காடாவில் ஊறிவிடும்.

காடாவின் நான்கு பக்கமும் 5 செ.மீ. விட்டு, நடுவில் பென்சிலால் கட்டம் போடுங்கள். காலண்டர் தாளைக் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம் மெல்லியதாக இருப்பதால் துணியோடு படிந்துவிடும். இரண்டு பங்கு ஃபெவிக்காலில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் மெல்லப் பூசி, அந்தக் கட்டத்துக்குள் ஒட்டுங்கள். பசை கெட்டியாக இருந்தால் காய்ந்தபின் ஊசி இறங்காது. இரவு முழுக்கக் காயட்டும். பிறகு நீலத்தை நிறையத் தண்ணீர் விட்டு, அடியில் தேதி எண்கள் தெரியும்படி பூசுங்கள்.

அடிமரத்துக்குப் பழுப்புத் துணியைக் கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டி ஒட்டுங்கள். கிளை போல வளையும், ஓரமும் அதிகம் பிரியாது.

பூவுக்குத்தான் நேரம் செலவிட வேண்டும். கட்டைவிரல் நகம் அளவில் ரோஸ் துண்டுகள், மூன்று சாயலில்: அடர்ந்தது கீழே, வெளிறியது மேலே. ஒட்டாமல் அடுக்கி, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் மரம் தட்டையாகத்தான் இருக்கும், இன்னும் அடர்ந்த துண்டு ஒன்றிரண்டு சேருங்கள். இந்த ஒரு சோதனை படத்தையே மாற்றிவிடும். திருப்தியானதும் ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு பொட்டுப் பசை மட்டும். ஓரங்கள் இதழ் மாதிரி எழும்பி நிற்கட்டும்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டைப் பிரித்தெடுத்து, துணித் துண்டுகளை ஓட்டுத் தையலால் காடாவோடு சேர்த்துத் தையுங்கள். தையல் 5 மி.மீ. நீளத்துக்குக் குறைய வேண்டாம். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் போலத் துளை விழுந்து, காகிதம் கிழியும். எம்பிராய்டரி வளையமும் வேண்டாம், தாள் மடிந்து கோடு விழும்.

படத்தை ஒரு பருத்தித் துணிமேல் குப்புறப் போட்டு, பின்பக்கம் மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். அப்புறம் மணிகள். ஒவ்வொன்றிலும் நூலை இரண்டு முறை கோர்த்து, நாலைந்துக்கு ஒரு முடிச்சு. கிளையில் கொஞ்சமாக வைத்து, பாதியைத் தரையில் சிதறுங்கள். இந்த மரத்தின் அழகில் பாதி உதிர்ந்த பூவில்தானே இருக்கிறது!

அட்டைமேல் விரித்து, ஓரங்களைப் பின்னால் மடித்து, எதிரெதிர் ஓரங்களை நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள். பசை போட்டால் பிறகு பிரித்துச் சரிசெய்ய முடியாது. நேர் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள், ரோஸ் நிறம் சீக்கிரம் வெளுக்கும்.