கன்னச் செல்லை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

முதலில் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். இல்லையென்றால் சோற்றுத் துணுக்குதான் தெரியும். ஸ்லைடில் (கண்ணாடித் தகடு) 0.9% உப்புக் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். வெறும் தண்ணீர் விட்டால் செல்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். பல்குச்சியின் மழுங்கிய முனையால் உள்கன்னத்தை மெல்லச் சுரண்டி அதில் கலக்குங்கள். 1% மெத்திலின் புளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு விடுங்கள், 2 நிமிடம் போதும்.

மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை 45 டிகிரி சாய்த்து, ஊசியால் தாங்கி மெதுவாக இறக்குங்கள். பொத்தென்று போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரியும் அதைத்தான் பலர் செல் என்று வரைந்துவிடுகிறார்கள்! மிகுதிச் சாயத்தை வடிதாளால் ஒற்றுங்கள்.

10 மடங்கு லென்ஸில் தேடி, 40-இல் பாருங்கள். ஒழுங்கற்ற ஓரம், தட்டையான உடல், அடர்நீல உட்கரு; செல்சுவர் கிடையாது. மேலே பொடிப்பொடியாக நீலப்புள்ளி இருந்தால் அவை வாயிலுள்ள பாக்டீரியா. பயன்படுத்திய குச்சியைக் கிருமிநாசினியில் போடுங்கள்.