மின்சார கார் விற்க வரும் முதலாளிக்கு வொர்க்ஷாப் மேலாளர் சொல்வது

மதுரை பைபாஸ் சாலையில் ஒரு கார் டீலரிடம் வொர்க்ஷாப் மேலாளராக இருக்கிறேன். டீசல் புகையில் தொழில் பழகியவன். தேனி, விருதுநகர் பக்கம் புதிதாக மின்சார கார் டீலர்ஷிப் எடுப்பவர்கள் ஷோரூம் கண்ணாடியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அது கிடக்கட்டும். சர்வீஸுக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டு இருக்குமே, அந்தப் பழைய கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

புதுக் கார் விற்பதில் மிஞ்சுவது கொஞ்சம். சம்பளத்தையும் வாடகையையும் தாங்குவது வொர்க்ஷாப். அந்தக் கார்டுகளில் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளட்ச் என்ற வரிகளை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். டயர், அலைன்மென்ட், சஸ்பென்ஷன், ஏசி, கூலன்ட், டிங்கரிங், பெயின்டிங்: இனி சோறு போடப்போவது இவைதான். மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும். பேட்டரி எடையால் டயர் தேய்மானம் கூடும். எனவே அலைன்மென்ட் கருவியையும் பெயின்ட் பூத்தையும் நல்லதாக வாங்குங்கள்; ஆயில் கிடங்கைப் பெரிதாக்க வேண்டாம்.

மின்சார வண்டியை நிறுத்தி வேலை பார்க்கவென்று வொர்க்ஷாப்பில் ஒரு பே, அதாவது தனி இடம், ஒதுக்கிக் கயிறு கட்டுங்கள். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைப் பயிற்சி பெற்றவர் தவிர யாரும் தொடக்கூடாது. 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிப் பூட்டி வைக்க ஒரு பெட்டி, மிச்ச மின்சாரம் அடங்கக் கம்பெனிக் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருப்பு, பிறகு மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வது. இந்த வரிசை மாறக்கூடாது. பக்கத்தில் இன்னொருவர் நின்றாக வேண்டும். தைரியசாலி மெக்கானிக்கை இந்த வேலைக்கு வைக்காதீர்கள், சந்தேகப்படுகிறவரை வையுங்கள். பேட்டரிப் பெட்டி சில நூறு கிலோ இருக்கும், அதை இறக்கத் தனி மேசை வேண்டும்.

ஆனால் டீலர் பெயர் கெடுவது பெரும்பாலும் வாடிக்கையாளர் வீட்டு மீட்டர் போர்டில்தான். முன்பணம் வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அனுப்புங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் ஏறக்குறைய 32 ஆம்பியர் இழுக்கும். பழைய வயரிங் அதற்குத் தாங்காது. எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. பழி மட்டும் காருக்குத்தான் வரும். போர் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் காரைத் தெருவில் நிறுத்துகிறவர்கள் உண்டு. சார்ஜ் போட இடமே இல்லாதவருக்குப் பெட்ரோல் கார் விற்றுவிடுவது மேல்.

விற்பனைப் பையன்களின் வாயையும் கொஞ்சம் கவனியுங்கள். மின்சார காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாராளமாகச் சொல்லலாம். கடன் வட்டிக்கான 80இஇபி வருமான வரிச் சலுகையோ 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும். புதிதாக வாங்குபவரிடம் அதைச் சொல்லி ஆசை காட்டக்கூடாது.

யார்டில் நிற்கும் வண்டிகளைப் பாதி சார்ஜில் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியை வாரம் ஒருமுறை பாருங்கள். அந்தச் சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் வண்டி உயிர்பெறாது. டெலிவரி நாளில், மாலையும் எலுமிச்சையும் வைத்துக் குடும்பமே நிற்கும்போது அப்படி ஆனால் எவ்வளவு அவமானம்.

ஒரு சார்ஜுக்கு இவ்வளவு ஓடும் என்று விளம்பரத் தாளில் உள்ள கிலோமீட்டரை நம்பிப் பேசாதீர்கள். டெமோ காரில் ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றிக் கொடைக்கானல் அனுப்பி, எங்கே எத்தனை சதவீதம் இருந்தது என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைத்தான் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். அதிலேயே இதையும் எழுதுங்கள்: மலைமேல் முழு சார்ஜ் ஏற்ற வேண்டாம். இறக்கத்தில் மோட்டார் வேகத்தைக் குறைக்கும்போது உண்டாகித் திரும்பி வரும் மின்சாரத்தை நிறைந்த பேட்டரியால் வாங்க முடியாது. பெரும்பாலும் கால் பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருக்கும்.